இசக்கி இல்லாத இடம்

சாமியார் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மேரிராணி வாசலுக்கு வந்து, உள்ளே போக வழி விடாமல் நின்றுகொண்டாள். கையில் புருஷனின் வாயைத் துடைத்த ஈரத்துணி. உள்ளே கட்டிலில் சங்கிலிப்பாண்டி இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தார். ஈரல் முழுக்கப் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"தோத்திரம் சாமி. அவிய இப்பம்தான் கண்ணசந்தாவ. முழிச்சு ஒங்க அங்கியப் பாத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிடுவாவ. இங்கனயே நின்னு ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

கிறிஸ்துராஜ் சாமியார் சின்ன வயதுக்காரர். கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு கிறிஸ்துமஸ் கூடத் தாண்டவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "கேளுங்கம்மா" என்றார்.

"ஞானஸ்நானம் வாங்காமச் செத்தா நரகந்தான?"

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சூசை உபதேசியாரு சொல்லிக்குடுத்துத்தான் நாங்க அத்தன பேரும் ஞானோபதேசம் படிச்சோம்."

"அது அந்தக் காலம்மா. இப்ப திருச்சபை அப்படிச் சொல்லல. சேசுவப் பத்தித் தெரியாமலே இருந்து, மனசாட்சிக்குப் பயந்து நல்லபடியா வாழ்ந்தவங்கள ஆண்டவர் கைவிட மாட்டாரு. தீர்ப்பு சொல்றது அவரு வேலை. அந்த நாற்காலியில நாம ஏறி உக்காரக் கூடாது."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்திருப்பார்கள். மேரிராணிக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்பம் இசக்கிச்செல்வி?"

"யாரும்மா அது?"

"அவியளோட மூத்த சம்சாரம். பருத்தி எடுக்கப் போன எடத்துல பாம்பு கடிச்சுச் செத்துப் போனா. கோயில் வாசல மிதிச்சவ இல்ல. ஆடிக்கு ஆடி அம்மனுக்குப் பொங்க வச்சுக்கிட்டுக் கெடந்தவ. அவளும் மோட்சத்துலயா இருப்பா?"

"இருக்கலாம்மா. அவங்களுக்கு யாரு போயி என்னத்தச் சொன்னா? தெரியாதவங்க. நல்லவங்களா இருந்திருந்தா ஏன் இருக்கக் கூடாது?"

மேரிராணிக்கு வயிறு எரிந்தது. இந்த ஆள் எந்தச் செமினாரியில் படித்தார், படித்தாரா, இல்லை பாதியில் எழுந்து வந்துவிட்டாரா என்று தோன்றியது. முப்பது வருஷமாக அவளுக்கென்று இருந்த ஒரே ஆறுதலை, வாசலில் நின்றபடி, செருப்புக் காலோடு, ஒரு பேச்சில் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

செத்துப்போனவளைச் சக்களத்தி என்று சொல்லலாமா என்று யாராவது கேட்டால் மேரிராணி சொல்லுவாள், உயிரோடு இருக்கிற சக்களத்தி எவ்வளவோ தேவலை என்று. அவளுக்கு நரைக்கும். பல் ஆடும். தெருவில் நின்று கத்துவாள், நாலு பேர் அவள் லட்சணத்தைப் பார்ப்பார்கள். இசக்கிக்கு அந்தக் குறை எதுவும் கிடையாது. ஒரு போட்டோ இருந்தாலாவது மூக்கு சப்பை, காது பெரிசு என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம். போட்டோவும் இல்லை. அதனால் மேரிராணியின் மனதுக்குள் அவள் வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டே போனாள். சங்கிலிப்பாண்டி மூத்தவளைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். நீ வைத்த குழம்பு அவள் வைத்தது போல் இல்லை என்று ஒருநாள் சொல்லியிருந்தால்கூட, குழம்புச் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்து, இரண்டு நாள் பேசாமல் இருந்து, தீர்த்துக்கொண்டிருக்கலாம். அவர் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

"அவரு ஏம்மா இத்தன வருசமா ஞானஸ்நானம் வாங்கல?" என்று சாமியார் கேட்டார்.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு நின்ற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட மேரிராணி சம்மதித்தபோது அவளுக்கு வயது முப்பதைத் தொட்டுவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் பிள்ளை குட்டி என்று ஆகியிருந்தார்கள். கோயிலில் வைத்துத் தாலி கட்டுகிறேன், ஞானஸ்நானமும் வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சங்கிலிப்பாண்டி வந்தார். சூசை உபதேசியாரிடம் போய், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டிய கையோடு, பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து மந்திரம் படித்தார். கடைசித் தீர்ப்பைச் சொல்லும் தீர்வைப் பாடம் வந்த அன்று, "எம்பொண்டாட்டி ஒருத்தி செத்துப் போனா. அவ இப்பம் எங்கன இருப்பா?" என்று கேட்டார். உபதேசியார் ஒளிவுமறைவு இல்லாதவர். "ஞானஸ்நானம் இல்லாமச் செத்தவளுக்கு நரகந்தான். அவியாத நெருப்பு" என்றார். சங்கிலிப்பாண்டி எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அப்பம் இந்தத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்புறம் மேற்றிராசனத்தில் ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. ஞானஸ்நானம் பெறாத மாப்பிள்ளைக்குப் பாட்டுப் பூசை கிடையாது என்று மந்திரிப்பு என்கிற ஆசீர்வாதம் மட்டும் செய்துவைத்தார்கள்.

அன்றைக்கு மேரிராணிக்கு வந்த கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இசக்கி நரகத்தில் இருக்கிறாள். கோயில் பின்சுவரில் பொதுத்தீர்வைப் படம் ஒன்று உண்டு. வலது பக்கம் மேகம், இடது பக்கம் நெருப்பு. இடது பக்கத்தில் தலைவிரி கோலமாக ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். மேரிராணி ஞாயிறு தவறாமல் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முழங்காலிடுவாள். போட்டோ இல்லாத குறை அங்கே கொஞ்சம் தீர்ந்தது.

எல்லாவற்றையும் அவள் சாமியாரிடம் சொல்லவில்லை. உபதேசியார் சொன்னதை மட்டும் சொன்னாள். சாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவுதானா? அப்ப மொதல்ல இத அவர்ட்ட சொல்லுங்கம்மா. ஒங்க மூத்த சம்சாரம் மோட்சத்துல இருக்கலாம்னு சாமியாரே சொன்னாருன்னு சொல்லுங்க. சந்தோசமா வாங்கிக்கிடுவாரு."

"அவியளும் நல்லவியதான? தண்ணி இல்லாமலே அவியளுக்கும் மோட்சம் கெடைக்காதா?"

சாமியார் தாடையைச் சொறிந்தார். "தெரியாம இருந்தது வேற. இவரு பாடம் படிச்சிருக்காரு, எல்லாம் கேட்டிருக்காரு, தெரிஞ்சும் வேண்டாம்னு தள்ளுறாரு. அது கொஞ்சம் கஷ்டந்தாம்மா. அதனாலதான் அவர்ட்டப் பேசணும்ங்கேன்." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இடைசெவல் பக்கம் புது வீடு ஒண்ணு மந்திரிக்கணும், போயிட்டு நேரா இங்கதான் வருவேன். அதுக்குள்ள அவசரம்னா நீங்களே ஊத்திருங்க. மந்திரம் தெரியும்ல?"

"தெரியும்." சாகக் கிடக்கிறவனுக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது பத்து வயதில் படித்த பாடம்.

"ஆனா அவரு சம்மதிக்கணும். சம்மதம் இல்லாம ஊத்துனா அது வெறும் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுச் சாமியார் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

மேரிராணி உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது. மின்விசிறி அதே வெந்த காற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டது. ஸ்டூல் மேல் டம்ளரில் தண்ணீரும் அதற்குள் ஒரு கரண்டியும் இருந்தன. சங்கிலிப்பாண்டியின் முகம் மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அவர் தலையை நீட்டுவார். அவள் ஊற்றுவாள். அவர் மோட்சத்துக்குப் போவார். போனதும் யாரைத் தேடுவார்? என்றைக்கோ மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டுப் போனவள் வாசலிலேயே நிற்பாள், வயது ஏறாமல், பருத்திக் காட்டுக்குப் போன அதே சேலையில். அப்புறம் ஒருநாள் மேரிராணி சாவாள். நரைத்த கொண்டையும் வீங்கின காலுமாக அங்கே போய்ச் சேரும்போது, இரண்டு பேரும் சேர்ந்து, வா ராணி, உட்கார் என்பார்கள். முடிவே இல்லாத காலத்துக்கும் அவள் விருந்தாளி.

இவளே தன் கையால் தண்ணீர் ஊற்றி அவரை அவளிடம் அனுப்பிவைக்க வேண்டுமாம். நல்ல நியாயம்.

"யாரு வந்தா?" என்று கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. கண் திறந்திருந்தது. இரண்டு நாளாக இல்லாத தெளிவு அந்தக் கண்ணில் இருந்தது.

"சாமியாரு."

"தூங்கும்போது ஊத்திட்டாரா?"

"ஒங்க சம்மதம் இல்லாம ஊத்த மாட்டாவளாம்."

"நல்ல மனுசன்" என்றார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். அவள் கரண்டியில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டாள். பாதி உள்ளே போனது.

"ராணி."

"என்ன?"

"ஒனக்கு வருத்தமாட்டி?"

"எதுக்கு?"

"நான் தண்ணி வாங்காமப் போறேன்னு."

"வருத்தப்பட்டா வாங்கிருவீயளாக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகப் போனது. அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். இருமல் அடங்கியதும் மெதுவாகப் பேசினார். "ஒனக்கு அங்கன ஆளு இருக்கு. ஒங்கய்யா, ஒங்கம்மா, மாதா, சூசையப்பரு, அந்தோனியாரு. ஊருப்பட்ட கூட்டம். அவளுக்கு யாரு இருக்கா? பயந்தாங்கொள்ளி. பொழுது அடஞ்சிட்டா வீட்டுக்குப் பின்னால போறதுக்குக் கூட என்னயக் கூப்பிடுவா."

முப்பது வருஷத்தில் இசக்கியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சேதி இது. அவள் இருட்டுக்குப் பயந்தவள். மேரிராணிக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டதும் பொறாமை இன்னொரு படி ஏறியது. இவ்வளவு காலமும் இதை எங்கே வைத்திருந்தார்? எந்த நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்?

"எனக்குப் பயம் கெடையாதா?" என்று கேட்டாள்.

"ஒனக்கா? ஒன்னயக் கண்டா பேயி பிசாசுதான் பயந்து ஓடணும்."

பாராட்டித்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் ஒற்றை ஆளாக விழித்திருந்தவள், நர்சோடு சண்டை போட்டுப் படுக்கை வாங்கியவள், அவர் எடுத்த வாந்தியை முகம் சுளிக்காமல் அள்ளியவள். தைரியசாலி என்று பெயர் வாங்கியதில் அவளுக்கு மிஞ்சியது இதுதான். பயந்தவளுக்குத் துணைக்குப் புருஷன் போகிறார், பயப்படாதவள் தனியாக இருந்துகொள்ளலாம்.

"ஒண்ணு கேக்குதேன்" என்றார். "அந்த உபதேசியாருக்குப் பொறவு எத்தனையோ சாமியாரு வந்தாவ, போனாவ. நீயும் ஒருத்தர் விடாம எல்லார்ட்டயும் பேசுத. அவ நெருப்புல இல்ல, மேலதான் இருக்கான்னு ஒருத்தராவது சொல்லியிருக்காவளா? ஒருத்தரு சொன்னாப் போதும். இப்பமே ஊத்துட்டின்னு சொல்லிருவேன்."

மேரிராணி கரண்டியை டம்ளரில் போட்டாள். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. போர்வையின் நுனியை இழுத்து விட்டாள்.

"இல்ல" என்றாள்.

"எல்லாரும் அந்த ஒண்ணத்தான் சொல்லுதாவளா?"

"ஆமா."

"செரி" என்றார் சங்கிலிப்பாண்டி. வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் இல்லை, நடந்துதான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் சொல்லுவது போலச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிவிடலாம், கஞ்சி காய்ச்சி எடுத்து வந்து சொல்லலாம் என்று நினைத்துத்தான் அடுப்படிக்குப் போனேன் என்று பின்னால் மேரிராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சும்மா. அடுப்பைப் பற்றவைக்கக் கூட இல்லை. அலமாரியில் சாய்ந்து நின்று, ஒருத்தி இருட்டில் இவரைக் கூப்பிடுகிற சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லியா கூப்பிட்டிருப்பாள்? மாமா என்றா?

திரும்பி வந்தபோது மூச்சு மாறியிருந்தது. அவளுக்கு அந்த மாற்றம் தெரியும். அம்மாவுக்குப் பார்த்திருக்கிறாள். தாடை தொங்க, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஆள் காத்திருக்கிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. கண் அவளைத்தான் பார்த்தது. காது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அவர் தலையசைத்தால்கூடப் போதும்.

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாகு பட்டுப் பட்டுக் காய்ப்பேறிய கை.

"ஏங்க" என்றாள். "இங்கன பாருங்க. நான் இருக்கேன்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த மூச்சு வரவில்லை. மேரிராணி இன்னும் ஒன்று வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, அவர் கண்ணை மூடிவிட்டாள். அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வேல்ராஜ் இளநீரோடு வந்து நின்றபோது அவள் அப்படியேதான் இருந்தாள். இசக்கியின் பிள்ளை. பால்குடி மறக்கும் முன்னே இவளிடம் வந்தவன். மார்பில் பால் இல்லாமலே போட்டுத் தூங்க வைத்திருக்கிறாள். அப்பா வழி ஆட்கள் சொல்லிக்கொடுத்துக்கொடுத்து சித்தி என்று கூப்பிடப் பழகிவிட்டான். இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். இளநீரைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பக்கத்து வீட்டுப் பூங்கொடி ஓடி வந்து நாடிக்கட்டுக்குத் துணி கிழித்தாள்.

அழுது ஓய்ந்ததும் வேல்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சித்தி, அய்யாவ ஓடைக்கரையிலயே வச்சிருவோம். அம்மா பக்கத்துல. அதான் அவியளுக்கு ஆச" என்றான்.

அம்மா பக்கத்துல. மேரிராணிக்கு அழுகை நின்றுவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் அவள் அய்யா அம்மா குழிகளுக்கு அடுத்து, அவளுக்கும் அவருக்கும் என்று இடம் கேட்டு வைத்திருந்தாள். ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குத்தான் அங்கே இடம் என்று சாமியார்கள் மாறி மாறிச் சொல்லியும் விடாமல் வைத்திருந்தாள். உயிர்தான் இசக்கியைத் தேடிப் போய்விட்டது. உடம்பையும் அவளிடமே கொடு என்கிறான் பெற்றவள் பிள்ளை.

"அவிய ஞானஸ்நானம் வாங்கிட்டாவ" என்றாள்.

வேல்ராஜ் நிமிர்ந்தான். "எப்பம்?"

"இப்பம்தான். நான்தான் ஊத்துனேன்."

"அய்யாவா?"

"ஆமா. நீ இருக்கப்பட்ட எடத்துலதான் நானும் இருக்கணும் ராணின்னு சொன்னாவ."

சொல்லும்போதே அவளுக்கு அது நிஜமாக நடந்தது போல் இருந்தது. அவர் குரலில் காதில் விழுந்தது. வேல்ராஜ் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் ஈரம் இருக்கிறதா என்று தேடுகிறானோ என்று அவளுக்குத் திக்கென்றது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

"அவிய வாயால சொல்லியிருந்தாச் செரிதான் சித்தி" என்றான். "ஒங்க கோயில்லயே வச்சிக்கிடுங்க."

பொழுது சாயும் முன்னே சாமியார் வந்துவிட்டார். அங்கியெல்லாம் கரிசல் புழுதி. மேரிராணி சொல்லக் கேட்டதும் கண்ணை மூடி நன்றி சொல்லிக்கொண்டார். "நான் சொல்லல? அத ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு. அவங்க மோட்சத்துல இருக்கலாம்னு சொன்னதும் என்ன சொன்னாரு?"

"சந்தோசப்பட்டாவ."

"மனசார வாங்கிக்கிட்டாரா?"

"ஆமா சாமி."

"என்ன பேரு வச்சீங்க?"

மேரிராணி இதை எதிர்பார்க்கவில்லை. பெயர் வைக்காமல் ஞானஸ்நானம் ஏது? ஆனால் பதில் உடனே வந்தது. "சவரிமுத்து" என்றாள். தனக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தால் வைப்பதற்கென்று அவள் மனதில் இருந்த பெயர். பிள்ளை பிறக்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியைக் கோயிலுக்குள் பீடத்துக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். பூசைக்கு முன்னால் சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் உட்கார்ந்தார். இறந்தவருக்காக நன்மை என்கிற திருஅப்பம் வாங்குகிற சொந்தக்காரர்கள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்குவது வழக்கம். மேரிராணியின் தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிமார் எல்லாரும் போய் வந்த பிறகு, கடைசியாக அவள் போய் முழங்காலிட்டாள். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது.

"கடைசியாப் பாவசங்கீர்த்தனம் பரலோக மாதா திருநாளுக்குச் செஞ்சது சாமி. ரெண்டு ஞாயித்துக்கிழம பூசைக்கு வரல. ஆஸ்பத்திரியில நர்சு புள்ளைய வாய்க்கு வந்தபடி ஏசுனேன். பூங்கொடி வீட்டு முருங்க மரத்துல கேக்காமக் காய் பறிச்சேன்."

"வேற?"

சொல்லிவிட்டால் தீர்ந்தது. எத்தனை பெரிய பாவமானாலும் இந்தச் சட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் மன்னிப்பு உண்டு. அவளுக்கு மோட்சம் நிச்சயம். அங்கே அய்யா இருப்பார், அம்மா இருப்பாள், அந்தோனியார் இருப்பார். இசக்கிச்செல்வியும் இருப்பாள். தெரியாமல் வாழ்ந்தவள், மேலேதான் இருக்கலாம் என்று இந்தச் சாமியாரே சொல்லிவிட்டார். நேற்று அதைக் கேட்டு வயிறு எரிந்தவள், இன்று அந்தப் பேச்சை எழுத்துக்கு எழுத்து நம்பினாள். அப்படியானால் மோட்சத்தில் இவளும் இசக்கியும். அவர் மட்டும் அங்கே இல்லை. தெரிந்தும் தள்ளியவர். கீழே போயிருப்பார். இருட்டில் பயந்துகொண்டிருப்பாளே என்று அங்கே இசக்கியைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் அங்கே போனதற்குக் காரணம் மேரிராணி சொன்ன ஒரே ஒரு 'இல்ல'.

எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டாள். அவள் அங்கே இல்லை.

மேரிராணி இதை முதலில் பயந்துகொண்டுதான் நினைத்தாள். அப்புறம் திரும்ப ஒருமுறை நினைத்தாள். இந்த முப்பது வருஷத்தில் இசக்கி இல்லாத இடம் என்று ஒன்று அவளுக்கும் அவருக்கும் வாய்த்ததே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இருந்தாள், கட்டிலில் இருந்தாள், வேல்ராஜ் சித்தி என்று கூப்பிடும்போதெல்லாம் இருந்தாள். இப்போது ஒரு இடம் இருக்கிறது. அங்கே போக வழியும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நெருப்புத்தான். இருக்கட்டும். இவள் செய்தது தெரிந்தால் அவர் கோபப்படுவார். படட்டும். வாழ்ந்த காலத்தில் இவளோடு ஒரு சண்டை கூடப் போடாத மனுஷன், அங்கேயாவது போடட்டும். அதற்கு அங்கே காலம் நிறைய உண்டு.

"வேற ஏதும் இருக்காம்மா?"

"வேற ஒண்ணும் இல்ல சாமி."

சாமியார் கையை உயர்த்தி மன்னிப்பு மந்திரம் சொன்னார். மேரிராணி தலையைக் குனிந்துகொண்டு அது முடியும்வரை காத்திருந்தாள்.

பூசையில் பிரசங்கம் நன்றாக இருந்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். கடைசி மணி நேரத்தில் வேலைக்கு வந்தவனுக்கும் அதே கூலி என்று சாமியார் பேசினார். "நம் சகோதரர் சவரிமுத்து இன்று ஆண்டவரின் சன்னிதியில்" என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த வேல்ராஜ் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தான்.

நன்மை வாங்குகிற நேரம் வந்தது. மேரிராணி வரிசையில் நின்றாள். பாவத்தை மறைத்துவிட்டு நன்மை வாங்குவது அதைவிடப் பெரிய சாவான பாவம். உபதேசியார் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நாக்கை நீட்டினாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. பின்னாலிருந்து பூங்கொடி தோளைத் தொட்டு, "அழுதுருங்க மதினி, நெஞ்சுல வைக்காதீங்க" என்றாள். மேரிராணி நாற்காலியைத் தரையில் கிரீச்சென்று சத்தம் வர இழுத்து, பெட்டியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.